வயதானவர்களுக்கு மனை விற்கும் என் மகனுக்கு

பாபு,

நீ அனுப்பிய ஆள் தெருவில் விசாரித்துக்கொண்டு நேற்று வந்திருந்தார். வெற்றிலை பாக்கு, பூ, பழம் எல்லாம் தட்டில் வைத்து மரியாதையாகத்தான் அழைத்தார். எளாவூர் பக்கம் நெடுஞ்சாலை ஓரமாக, வயதானவர்களுக்கென்றே இன்னொரு நகர் போடப்போகிறாயாம். பூமி பூஜைக்கு நானும் உன் நைனாவும் வந்து முதல் செங்கல்லை எடுத்துக் கொடுக்க வேண்டுமாம். பிள்ளை கூப்பிடுகிறான் என்று என் மனசு ஒரு நொடி குளிர்ந்தது வாஸ்தவம். அதற்குள் அவர், எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து உட்காரவைத்து ஒரு போட்டோ எடுக்க வேண்டும், நோட்டீஸில் போடுவதற்கு என்றார். நீ எதற்கு அழைக்கிறாய் என்பது அப்போது புரிந்துவிட்டது. நாங்கள் வரமாட்டோம். அந்த ஆள் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர், அவரிடம் காரணம் சொல்லி என்ன ஆகப்போகிறது? உனக்கே எழுதுகிறேன். இதை நான் ஒளித்து எழுதவில்லை. இந்தத் தெருவில் யார் கேட்டாலும் படித்துக் காட்டுவேன். எளாவூரில் மனை வாங்கலாமா என்று யோசிக்கிற பென்ஷன்காரர்கள் யாராவது வந்தால் அவர்கள் கையிலும் கொடுப்பேன். உனக்குக் கோபம் வரும். வரட்டும்.

உன் நைனா ரிடையர் ஆனபோது நாங்கள் கும்மிடிப்பூண்டியில் ஸ்டேஷனுக்குப் பின்னால் சொந்த வீட்டில் இருந்தோம். அவர் புக்கிங் ஆபீஸ் ஜன்னலுக்குள் டிக்கெட் கிழித்துக் கொடுத்தே தலை நரைத்தவர். நான் எலிமெண்டரி ஸ்கூல் டீச்சராக இருந்து அவருக்கு அடுத்த வருஷம் ரிடையர் ஆனேன். அந்த வீடு ஒன்றும் அரண்மனை இல்லை. மழைக்கு ஒழுகும். கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும். அந்த வீட்டையோ ஊரையோ நினைத்து நான் இன்றைக்கும் அழவில்லை. விற்றுவிடலாம் என்று நீ சொன்னபோது நான்தான் முதலில் சரி என்றேன். இங்கே இனி கம்பெனிகள் வரும், புகையும் லாரியும்தான் மிஞ்சும் என்றாய். நைனாவுக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது, நாளைக்கு ஒன்று என்றால் பட்டணத்துக்குத்தான் ஓட வேண்டும் என்றாய். திருவள்ளூரில் பெரிய ஆஸ்பத்திரி, மார்க்கெட், கோயில் எல்லாம் இருக்கிறது, ஏரிக்கு அந்தப் பக்கம் வயலை மேடாக்கி மனை போடுகிறார்கள், ரிடையர் ஆனவர்களுக்கு மட்டும்தான் கொடுக்கப்போகிறார்கள், சண்டை சச்சரவு, குழந்தைகள் கூச்சல் எதுவும் இருக்காது என்றாய். தார் ரோடு, தெருவிளக்கு, வாரம் இரண்டு தடவை டாக்டர், வாசலிலேயே பஸ். நீ அந்த மனைக்காரரிடம் மேனேஜராக வேலைக்குச் சேர்ந்திருந்தாய். அது எங்களுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் இன்னும் தைரியமாக இருந்தோம். நம் பிள்ளையே உள்ளே இருக்கிறான், நம்மை ஏமாற்றவா போகிறார்கள் என்று உன் நைனா அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

உன்னை நம்பியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. இந்தி எதிர்ப்பு நடந்த வருஷம் உன் நைனாவுக்கு மஞ்சள்காமாலை வந்து படுத்துவிட்டார். பஸ், ரயில் எதையும் நம்பிப் புறப்பட முடியாத நாட்கள். நீ பாலிடெக்னிக் மூடிவிட்டார்கள் என்று வீட்டுக்கு வந்திருந்தாய். யாரும் சொல்லாமலே சைக்கிளை எடுத்துக்கொண்டு பொன்னேரிக்குப் போய் மருந்து வாங்கி வந்தாய். மறுநாளும் போனாய். செயின் அறுந்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்து வந்து, மருந்துப் பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டுத்தான் தண்ணீர் குடித்தாய். அந்தப் பிள்ளை சொல்கிற இடத்தில் போய் இருப்பதற்கு எனக்கு யோசிக்க என்ன இருந்தது?

அந்த நகரில் முதலில் கட்டிய வீடு நம்முடையது. நன்றாகத்தான் கட்டிக்கொடுத்தாய், அதை மறுக்கமாட்டேன். மொசைக் தரை, பெரிய ஜன்னல், வாசலில் இரண்டு செம்பருத்தி. சுற்றிலும் வெள்ளையடித்த மனைக் கற்களைத் தவிர வேறு ஒன்றும் இல்லாத வெட்டவெளி. ஆனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நீ வந்தாய். தனியாக வரமாட்டாய். யாராவது வயதான தம்பதியைக் காரில் ஏற்றிக்கொண்டு வருவாய். தெரிந்தவர்கள், இந்தப் பக்கம் வந்தார்கள், அப்படியே நம் வீட்டைப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்பாய். நான் ஒவ்வொரு வாரமும் புதுசாகக் காப்பிக்கொட்டை வறுத்து அரைத்து வைப்பேன். உப்புமாவோ கேசரியோ செய்வேன். உன் நைனா அவர்களைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய்க் கத்தரிச்செடியைக் காட்டுவார். உள்ளே கூடத்தில் அந்த அம்மாக்கள் என்னைக் கேட்பார்கள், இங்கே சௌகரியமாக இருக்கிறதா என்று. பிள்ளை எதிரில் உட்கார்ந்திருக்கும்போது எந்தத் தாய் குறை சொல்வாள்? எனக்கென்ன குறை, வாரா வாரம் பிள்ளை வந்து பார்க்கிறான் என்பேன். அது பொய்யும் இல்லை. பிள்ளைக்கு எத்தனை சிநேகிதர்கள், அதுவும் பெரியவர்களை எவ்வளவு மதிக்கிறான் என்று நான் பூரித்துப்போனேன். அப்படி வந்தவர்களில் பாதிப்பேர் கொஞ்ச நாளில் எங்களுக்குப் பக்கத்திலேயே மனை வாங்கிக் குடிவந்தார்கள். தபால்காரராக இருந்து ரிடையரான ரத்தினமும் அவர் மனைவி பூங்காவனமும் அப்படித்தான் எதிர்வீட்டுக்கு வந்தார்கள்.

மனைகள் எல்லாம் விற்றுத் தீர்ந்தன. அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ வரவில்லை. வேலை என்று நினைத்தோம். அதற்கடுத்த வாரமும் வரவில்லை. நான் காப்பிக்கொட்டை வறுத்து வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருந்தேன். பிறகு நீ பட்டணத்தில் சொந்த வீடு கட்டிப் போய்விட்டாய் என்று, பத்திரம் விஷயமாக வந்த உங்கள் ஆபீஸ் பையன் ஒருவன் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். கிரகப்பிரவேசத்தைச் சுருக்கமாக முடித்துவிட்டோம் என்று நீ பிறகு சொன்னாய். உன் நைனா அன்றைக்குச் சாயந்திரம் கத்தரிச்செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போகவில்லை.

நீ வராமல் போன பிறகுதான் அந்த இடத்தை நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். விளக்குக்கம்பம் நட்டிருந்தது, விளக்கு இல்லை. டாக்டர் ஆரம்பத்தில் கொஞ்ச நாள் வந்தார், அப்புறம் அவர் உட்கார்ந்த அறையில் சிமெண்ட் மூட்டை அடுக்கினார்கள். பஸ் வாசலுக்கு வரவே இல்லை. மெயின் ரோடு வரைக்கும் செம்மண் பாதையில் நடக்க வேண்டும், வழியில் ஒரு மரம் கிடையாது, ஒரு கல் கிடையாது, கால் வலித்தால் உட்கார. ஒரு வெற்றிலை வாங்க வேண்டுமானாலும் அந்த நடைதான். உன் நைனாவுக்குக் கண் மங்கி, பள்ளம் மேடு தெரியாமல் இரண்டு தடவை விழுந்தார். அதற்கப்புறம் வெளியே போவதை நிறுத்திவிட்டார். ஆயுசு முழுக்க ஜனக்கூட்டத்தின் நடுவில் இருந்த மனுஷன், ஜன்னல் ஓரத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு காலி மனையையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் ஏதாவது கேட்டால் பதில் மெதுவாக வரும். சில நாள் வராது. அவருக்குக் காதும் போய்விட்டதோ என்று பயந்தேன். காது நன்றாகத்தான் இருந்தது. பேச்சுக்கு அவசியம்தான் இல்லாமல் போயிருந்தது.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பெய்தது. ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்து, நகருக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவில் இருந்த பாதை தண்ணீருக்குள் போய்விட்டது. காலையில் பூங்காவனம் தலைவிரிகோலமாக ஓடிவந்து கதவைத் தட்டினாள். ரத்தினம் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார், வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது, வலது கை வேலை செய்யவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அவரைக் கயிற்றுக் கட்டிலில் கிடத்தினோம். கட்டிலைத் தூக்க ஆள் இல்லை, பாபு. நகரில் இருந்த ஆண்பிள்ளைகள் எல்லோரும் ஓடிவந்தார்கள். ஒவ்வொருவரும் அறுபதைத் தாண்டியவர். ஒருவருக்கு ஹெர்னியா ஆபரேஷன், ஒருவருக்கு ஆஸ்த்துமா, உன் நைனாவுக்குக் கண் தெரியாது. தூக்கிப் பார்த்தார்கள். வாசல் தாண்டுவதற்குள் கீழே வைத்துவிட்டார்கள். சுற்றி நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்களே, அதை நான் சாகிறவரைக்கும் மறக்கமாட்டேன். வயதானவர்களுக்கு மட்டும் என்று நீ பெருமையாகச் சொன்னாயே, அதற்கு அர்த்தம் அன்றைக்குத்தான் விளங்கியது. கடைசியில் ஆஸ்த்துமாக்காரர்தான் முழங்கால் தண்ணீரில் மூச்சு இழுக்க இழுக்க நடந்து போய், செங்கல் சூளையில் வேலை செய்கிற பிள்ளைகளைக் கூட்டிவந்தார். அவர்கள் கட்டிலைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு தண்ணீரைக் கடந்தார்கள்.

ரத்தினம் பிழைத்தார். ஆனால் சீக்கிரம் வந்திருந்தால் கை இந்த அளவுக்குப் போயிருக்காது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தண்ணீர் வடிந்ததும் நான் ஒரு கூஜாவில் கஞ்சி எடுத்துக்கொண்டு போயிருந்தேன். வராந்தாவில் பூங்காவனம் உட்கார்ந்திருந்தாள். அவள் கோபமாகப் பேசவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“உங்க ஊட்டு காப்பிய குட்ச்சிட்டுத்தான் டீச்சர் நாங்க மனை வாங்கனோம். பெத்தவங்களையே இங்க வச்சிருக்கேன், வேற இன்னா சாட்சி வேணும்னு உங்க புள்ள கார்ல வரும்போதே சொன்னாரு. நீங்களும் ஒரு கொறையும் இல்லன்னீங்க. அப்பறம் நாங்க இன்னாத்த யோசிக்கிறது?”

எனக்கு முதலில் அது புரியவே இல்லை. எந்தக் காப்பி, எந்தச் சாட்சி என்று அவளையே கேட்டேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரியாது என்பதை அவள் அப்போதுதான் தெரிந்துகொண்டாள் போலிருக்கிறது. பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். அவ்வளவு துக்கத்திலும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் நகரில் ஒவ்வொருவரையும் கேட்டேன். எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை, கார், எங்கள் வீடு, காப்பி. துணிக்கடையில் வாசலில் பொம்மைக்குப் புடவை கட்டி நிறுத்துவார்களே, அந்த மாதிரி நானும் உன் நைனாவும் நின்றிருக்கிறோம். பொம்மைக்குத் தெரியாது, எங்களுக்கும் தெரியவில்லை.

அந்த வாரமே நான் தனியாக ரயில் ஏறிப் பட்டணத்துக்கு உன் வீட்டுக்கு வந்தேன். அது உனக்கும் நினைவிருக்கும். உன் புது சோபாவில் உட்காரவைத்து, ஆளை அனுப்பிக் கலர் சோடா வாங்கிவரச் சொன்னாய். நான் ரத்தினத்தின் சங்கதியைச் சொன்னேன். கேட்டுவிட்டு, பாவம்மா என்றாய். நான் பூங்காவனம் சொன்னதைச் சொன்னேன். நீ கொஞ்சமும் தடுமாறவில்லை.

“நான் யாருக்கும் பொய் சொல்லலம்மா,” என்றாய். “எங்க நைனா, அம்மா அங்கதான் கீறாங்கன்னு சொன்னேன். இருந்தீங்க இல்ல? அதுல இன்னா தப்பு?”

“எங்கள அங்க குடிவச்சது எங்களுக்காவா, மனை விக்கறதுக்காவா?”

நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். யோசித்துப் பார்த்துத்தான் சொன்னாய்.

“ரெண்டுத்துக்கும்தாம்மா.”

அந்த ஒரு வார்த்தையை நான் எத்தனையோ தடவை திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். விற்பதற்காகத்தான் என்று சொல்லியிருந்தால் நான் அழுது, திட்டி, ஒருநாள் ஆறியிருப்பேன். எங்களுக்காகவும் என்று நீ சேர்த்துக்கொண்டாய். அதனால் இப்போது எது எங்களுக்கு, எது மனைக்கு என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. மொசைக் தரை யாருக்கு? உன் நைனாவின் கண்ணைப் பற்றிக் கவலைப்பட்டாயே, அது யாருக்கு? ஞாயிற்றுக்கிழமைகளில் போகும்போது என் தோளைத் தொட்டு, உடம்பைப் பார்த்துக்கொள் அம்மா என்பாயே, காரில் ஆட்கள் காத்திருக்கும்போது, அது? ஏமாற்றியவன் வெளியாள் என்றால் போனது போகட்டும் என்று விட்டுவிடலாம். நீ பொன்னேரிக்குச் சைக்கிள் மிதித்த நாளைக்கூட என்னைச் சந்தேகத்தோடு பார்க்க வைத்துவிட்டாய். உன்மேல் எனக்குள்ள பெரிய வருத்தம் அதுதான்.

அந்த வீட்டை விற்றுவிட்டு வெளியேறுவது சுலபமாக இருந்திருக்கும். வாங்குவதற்கு ஒரு ரிடையரான ஹெட்மாஸ்டர் வந்தார். அவர் மனைவி என்னைப் பார்த்து, இங்கே சௌகரியமாக இருக்கிறதா என்று கேட்டாள். இல்லையம்மா என்று சொன்னேன். அவர்கள் போய்விட்டார்கள். உன் நைனா என்னைத் தடுக்கவில்லை. காக்களூர் பக்கம் புதிதாக வந்திருக்கிற பட்டறைகளில் வேலை செய்யும் இரண்டு இளம் குடும்பங்களுக்கு வீட்டை வாடகைக்கு விட்டோம். அவர்களுக்குச் சைக்கிளும் இருக்கிறது, காலும் இருக்கிறது. ரத்தினத்தையும் பூங்காவனத்தையும் அவர்கள் மகள் அரக்கோணத்துக்கு அழைத்துப் போய்விட்டாள். நாங்கள் இங்கே திருவள்ளூரில், ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு வீட்டின் முன்பகுதியில் குடியிருக்கிறோம்.

இந்த வீட்டைப் பார்த்தால் நீ முகம் சுளிப்பாய். சிமெண்ட் தரை. ரயில் போனால் பாத்திரம் ஆடும். பின்னால் குடியிருக்கிறவர்கள் புருஷன் பெண்டாட்டி தினமும் சண்டை போடுவார்கள், குழந்தைகள் வாசலில் கோலி ஆடுவார்கள். எதிரில் தையல்கடை, அதை அடுத்து மருந்துக்கடை. மருந்துக்கடைக்காரர் வெளியே ஒரு பெஞ்சு போட்டு வைத்திருக்கிறார். மருந்து வாங்காவிட்டாலும் உட்காரலாம், யாரும் கேட்கமாட்டார்கள். பால்கார அம்மாள் கதவைத் தட்டி, நான் குரல் கொடுக்கிறவரைக்கும் போகமாட்டாள். ஒருநாள் எனக்குக் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை. தையல்காரர், இன்னாடா டீச்சரம்மா ஊட்டு கதவு தொறக்கலியே என்று தானாகவே வந்து பார்த்து, ஆளை அனுப்பி ரிக்‌ஷா கொண்டுவந்தார். சொல்வதற்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன், நீ மனை போடுகிறவன், உனக்குத் தெரிய வேண்டும்: வயதானால் அடிக்கடி ஒதுங்க வேண்டியிருக்கும். ஸ்டேஷனில் அதற்கு இடம் இருப்பதால்தான் உன் நைனா பயமில்லாமல் வெளியே போகிறார். நீ அச்சடித்த எந்த நோட்டீஸிலும் அந்த ஒன்று இருந்ததில்லை.

அவர் தினமும் பிளாட்பாரத்துக்குப் போகிறார். வழி சமதளம், கைத்தடியைத் தட்டிக்கொண்டே போய்விடுவார். பெஞ்சில் உட்கார்ந்ததும் யாராவது வண்டி எப்போது என்று கேட்பார்கள். அமாவாசை வந்தால் வீரராகவர் கோயிலுக்கு வருகிற கூட்டம் இறங்கும். எந்தப் பக்கம் பஸ், எங்கே ஜட்கா என்று அவரைச் சுற்றி நின்று கேட்கும். வீட்டுக்கு வந்து எனக்கு அத்தனையும் சொல்வார், யார் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், யாருக்கு என்ன வேண்டுதல் என்று. வாய் ஓயாது. சில சமயம் நானே போதும் நிறுத்துங்கள் என்பேன். சொல்லிவிட்டு அந்த நகரின் ஜன்னலோர நாற்காலியை நினைத்துக்கொள்வேன்.

உன்னிடம் மனை வாங்கப் போகிறவர்களும் எங்களைப் போன்றவர்கள்தான். அவர்களை மற்ற ஜனங்களிடமிருந்து பிரித்துக் கொண்டுபோய் ஓரமாக வைக்காதே. சின்ன வயசுக்காரர்கள் புழங்குகிற தெருவில், கடை கண்ணி நடுவில் வை. எளாவூர் செக்போஸ்ட் எனக்குத் தெரியாத இடமா? லாரிகள் வரிசையாக நிற்கிற அந்த ரோட்டை ஒரு கிழவி எப்படித் தாண்டுவாள் என்று ஒருதரமாவது யோசித்தாயா? உனக்கு நான் ஒரே ஒரு யோசனை சொல்கிறேன். முதல் வீட்டைக் கட்டியதும் அதில் நீ போய் ஒரு மழைக்காலம் இரு. காரை எடுத்துப் போகாதே. அதற்கப்புறமும் நல்ல இடம் என்று உனக்குத் தோன்றினால் விற்றுக்கொள். என் முகத்தையும் உன் நைனா முகத்தையும் காட்டி மட்டும் விற்காதே. எங்கள் பழைய போட்டோ எதையாவது நோட்டீஸில் போட்டாய் என்று கேள்விப்பட்டால், நான் பஸ் பிடித்து எளாவூருக்கே வந்து வாசலில் நின்றுகொள்வேன்.

எழுதினதை எல்லாம் உன் நைனாவுக்குப் படித்துக் காட்டினேன். இவ்வளவு கடுமையாக வேண்டாம் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. “கடைசியில ஒண்ணு சேர்த்துக்கோ,” என்றார். “அவன் வர்றதா இருந்தா யாரையும் கூட்டிக்கினு வர வேணாம். அவன் மட்டும் வரட்டும்.”

சேர்த்துவிட்டேன். கார் இந்தத் தெருவுக்குள் நுழையாது, ரயிலில் வா. விலாசம் எழுதவில்லை, அது தேவைப்படாது. ஸ்டேஷனில் இறங்கி, புக்கிங் கிளார்க்கும் டீச்சரும் இருக்கிற வீடு எது என்று யாரை வேண்டுமானாலும் கேள். கூடவே வந்து காட்டிவிட்டுப் போவார்கள்.

உன் அம்மா